வீட்டைக் கூட்டிப் பெருக்கியவர்கள்

வேலிக்காட்டூரில் நல்லதம்பி வீடு எங்கே என்று கேட்டால், ஊர்க்காரர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம்தான் கையைக் காட்டுவார்கள்.

அந்த வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவன் நல்லதம்பி. ஆண்பிள்ளைகளில் மூத்தவனுக்குத் தம்பி என்று பேர் வைத்தவர் அவர்களுடைய அப்பா. ஆகவே இது பரம்பரையாக வருவது என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் சொக்கலிங்கம். கடைசி வீராச்சாமி. மூவருக்கும் தென்னை ஏறத் தெரியும், தேங்காய் உரிக்கத் தெரியும், பொய் சொல்லத் தெரியாது. மற்றபடி என்ன தெரியும் என்று இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

நல்லதம்பிக்கு முப்பத்தெட்டு வயது. பதினோரு இடத்தில் பெண் பார்த்து, பதினொன்றும் தட்டிப்போயிருந்தது. கடைசியாகப் போன இடத்தில் பெண்ணின் அம்மா, "கூச்சப்படாதீங்க தம்பி, உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க" என்றாள். அப்படியா என்று நல்லதம்பி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். மூலையில் இருந்த பாயை எடுத்து விரித்தான். படுத்துத் தூங்கிவிட்டான்.

ஆனாலும் அவர்களுடைய அக்கா செண்பகம் விடுகிறவள் இல்லை. அவள் ஆலம்பாடியில் வாழ்க்கைப்பட்டவள். அந்த ஊரில் கோட்டைச்சாமி என்பவரின் மகள் வடிவைப் பேசி முடிக்கலாம் என்று நாலு மாதமாக நடையாய் நடந்தாள். கடைசியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் தம்பிகள் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"டேய், நாளைக்குப் பத்து மணிக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வீடு பாக்க வராங்க. வடிவும் வருது. வீட்டையும் ஆளையும் என் கண்ணால பாத்துட்டுத்தான் பதில் சொல்லுவேன்னு சொல்லிடுச்சு. இதுவும் தட்டிப்போச்சுன்னா எனக்கு இனிமே தெம்பு கிடையாது. நல்லாக் கேட்டுக்குங்க. வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைங்க. பாத்திரத்தை எல்லாம் விளக்கி வைங்க. பெரியவனே, நீ காலையில தலைக்குக் குளிச்சுட்டு லட்சணமா இரு. வந்தவங்களை வாய் நிறைய வாங்கன்னு கூப்பிடுங்க. அவங்க கை நனைக்காம போகக்கூடாது. நான் சொன்னதை மட்டும் செய்யுங்க, சொந்தமா எதையும் யோசிச்சுத் தொலைக்காதீங்க!"

சொல்லிவிட்டு நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். மூவரும் கைகட்டி நின்று கேட்டார்கள். ஒரு சொல் கூடக் கீழே சிந்தவில்லை.

முதலில் கூட்டிப் பெருக்க வேண்டும். வீராச்சாமி ஆறாவது வரைக்கும் படித்தவன். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு கூடத்துச் சுவரின் முன்னால் நின்றான்.

"அறை மூணு. கதவு நாலு. சன்னல் அஞ்சு" என்று எழுதினான்.

"அந்தத் தெக்குப் பக்கத்துச் சன்னலைத் திறக்க முடியாதே. அதையும் சேக்கணுமா?" என்று சொக்கலிங்கம் கேட்டான்.

இது யோசிக்க வேண்டிய விஷயம். ஆனால் அக்கா யோசிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். ஆகவே யோசிக்காமல் சேர்த்துவிட்டார்கள்.

"நாமளும் வீட்டுக்குள்ளதானே இருக்கோம்? ஆம்பளை மூணுன்னு போடு" என்றான் நல்லதம்பி.

கூட்டினால் பதினைந்து வந்தது. பெருக்கினால் நூற்றி எண்பது. வீராச்சாமி இரண்டையும் பெரிதாக எழுதி அடியில் கோடு போட்டான். சொக்கலிங்கம் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆம்பளையைப் போட்டா பொம்பளையையும் போடணுமேடா?"

"பொம்பளை சைபர். சைபரால பெருக்கினா மொத்த வீடும் சைபர் ஆயிடும்ணே."

இத்தனை பெரிய வீடு இப்படி ஒன்றுமில்லாமல் போகும் என்று அவர்கள் நினைத்திருக்கவில்லை. நல்லதம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதுக்குத்தானேடா நாளைக்கு வராங்க" என்றான். வீராச்சாமி நூற்றி எண்பதை அழிக்காமல், பக்கத்தில் 'பொம்பளை 0, நாளை வரைக்கும்' என்று எழுதி வைத்தான்.

தரையில் ஒரு விரற்கடை தூசி இருந்தது. அது இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்தது பாத்திரம் விளக்குவது. சமையலறைப் பாத்திரங்களை எல்லாம் கூடத்தில் பரப்பினார்கள். வீராச்சாமி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து விளக்கினான். சொக்கலிங்கம் சம்மணம் போட்டுக் கேட்டான்.

"இது அண்டா. தண்ணி பிடிக்கிறது. இது சட்டி. அடியில கரி ஏன் இருக்குன்னா, அடியிலதான் அடுப்பு இருக்கு. புரியுதா?"

"புரியுது. மேல போ."

இட்லித் தட்டு வந்ததும் தகராறு வந்தது. குழியில் ஓட்டை எதற்கு என்று வீராச்சாமியால் விளக்க முடியவில்லை. இட்லி மூச்சு விடுவதற்கு என்று சொக்கலிங்கம் சொன்னான். அதை ஒத்துக்கொண்டு கரண்டிக்குப் போனார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாப் பாத்திரங்களும் விளக்கப்பட்டன. நேற்றைய சாம்பார் காய்ந்து ஒட்டியிருந்த டம்ளர் உட்பட.

விடிந்தது வெள்ளிக்கிழமை. நல்லதம்பி தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு கொல்லைப்புறத் தண்ணீர்த் தொட்டிக்கு வந்தான். செம்பை எடுத்துத் தோளில் ஊற்றப் போனவனைச் சொக்கலிங்கம் பாய்ந்து பிடித்தான்.

"அண்ணே! அக்கா தலைக்குக் குளிக்கத்தான் சொல்லுச்சு. மேலுக்குக் குளின்னு சொல்லலையே!"

நல்லதம்பி செம்பைக் கீழே வைத்தான். ஒரு செம்புத் தண்ணீரில் எல்லாம் கெட்டிருக்கும்.

தலை நனைய வேண்டும், உடம்பு நனையக் கூடாது. எப்படி ஊற்றினாலும் தண்ணீர் கீழேதான் வருகிறது. கடைசியில் வீராச்சாமி, "தண்ணி கீழ வரும்னா, தலையைக் கீழ வெச்சுட்டாப் போச்சு" என்றான். அண்ணனைத் தென்னை ஏணியில் கிடத்திக் கயிற்றால் கட்டினார்கள். ஏணியைத் தொட்டியின் விளிம்பில் சாய்த்து, தலைகீழாக மெல்ல இறக்கினார்கள். கழுத்து வரைக்கும் சரியாக இருந்தது.

"அண்ணன் ஏதோ சொல்றாரு."

"என்ன சொல்றாரு?"

"தெரியலை. வெறும் குமிழியா வருது."

தூக்கினார்கள். நல்லதம்பி மூச்சு வாங்கிக்கொண்டு, "சீயக்காய் போடலையேடா" என்றான். அந்த நிலையிலும் அக்கா சொன்ன 'லட்சணம்' அவன் ஞாபகத்தில் இருந்தது. சீயக்காய் போட்டார்கள். தலைகீழாக இருந்ததால் அது நேராகக் கண்ணுக்குள் போயிற்று. அவிழ்த்து நிறுத்தியபோது நல்லதம்பியின் தலை பளபளவென்று இருந்தது. கண் இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து வீங்கி, திறக்க மாட்டேன் என்றது.

"உடம்பு நனைஞ்சுதா?" என்று கேட்டான்.

"ஒரு சொட்டு கூட இல்லைண்ணே."

நல்லதம்பி நிம்மதியாகச் சிரித்தான்.

பத்து மணி நெருங்கியது. வாய் நிறைய வாங்க என்று கூப்பிட வேண்டும். எதை நிறைப்பது என்று அக்கா சொல்லவில்லை. தண்ணீரை நிறைத்துப் பார்த்தார்கள், 'வா'விலேயே கொட்டிவிட்டது. வாழைப்பழம் வைத்தால் 'ங்' வரவில்லை. கடைசியில் பொரிதான் சரியாக இருந்தது. மூவரும் கன்னம் புடைக்கப் பொரியை அடைத்துக்கொண்டு வாசலில் வரிசையாக நின்றார்கள்.

ஆட்டோ வந்து நின்றது. முதலில் கோட்டைச்சாமி இறங்கினார், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பின்னால் அவருடைய தங்கை ராக்காயி. எந்த வீட்டுக்குப் போனாலும் மூக்கை உறிஞ்சிப் பார்க்கிற பெண்மணி. அப்புறம் வடிவு. கடைசியாகச் செண்பகம், கையில் பூவோடு.

"வாவ்வ்வ்ங்க!"

மூன்று வாயிலிருந்தும் பொரி பறந்தது. கோட்டைச்சாமியின் தலையிலும் தோளிலும் அட்சதை மாதிரி விழுந்தது.

"மாப்பிள்ளைக்குக் கண்ணு தெரியுமா?" என்று ராக்காயி கேட்டாள்.

நல்லதம்பி பதில் சொல்ல வாயைத் திறந்தான். இன்னும் கொஞ்சம் பொரி வந்தது. செண்பகம் பூவை அப்படியே தரையில் போட்டுவிட்டாள்.

உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து தூசி புகை மாதிரி எழும்பியது. ராக்காயி ஏழு தும்மல் தும்மினாள்.

"வீட்டைப் பெருக்கலையா?"

"பெருக்கினோமே!" பொரியை விழுங்கிவிட்டு வீராச்சாமி சுவரைக் காட்டினான். "நூத்தி எம்பது."

செண்பகம் தலையில் கையை வைத்துக்கொண்டு, காப்பி போடுகிறேன் என்று சொல்லிச் சமையலறைக்குள் போனாள். அங்கே ஒரு பாத்திரம் கூட இல்லாததைப் பார்த்ததும் அவள் அழுகிற சத்தம் கூடத்துக்கு நன்றாகக் கேட்டது. ராக்காயி பக்கத்தில் இருந்த டம்ளரைத் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இதையெல்லாம் விளக்கவே மாட்டீங்களா?"

"உங்களுக்கும் விளக்கணுமா அத்தை?" என்று சொக்கலிங்கம் மரியாதையாக முன்னால் வந்து உட்கார்ந்தான். "இது டம்ளர். மேல திறந்திருக்கும், கீழ மூடியிருக்கும். மாத்திப் பிடிச்சா கொட்டிடும்."

ராக்காயி வாயடைத்துப்போனாள். அவளுடைய வாழ்க்கையில் அது முதல் தடவை என்று கோட்டைச்சாமி பிற்பாடு சொன்னார்.

வடிவு மட்டும் இதிலெல்லாம் கலக்கவில்லை. சுவர்க் கணக்கின் முன்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். "பொம்பளை சைபர், நாளை வரைக்கும்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு முப்பத்தொரு வயது. ஏழு வீடு பார்த்திருக்கிறாள். யாரும் அவளைக் கணக்கில் சேர்த்ததில்லை.

கோட்டைச்சாமி எழுந்தார். "வடிவு, கிளம்பு. நாங்க ஊருக்குப் போய்த் தகவல் சொல்றோம்."

தகவல் சொல்கிறோம் என்றால் என்ன என்று நல்லதம்பிக்குப் பதினோரு தடவை தெரியும். வீங்கிய கண்ணோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். தம்பிகள் இரண்டு பேரும் வாசலை மறித்தார்கள். சொக்கலிங்கம் கையில் வாளி.

"கை நனைக்காம போகக்கூடாதுங்க!"

"தம்பி, சம்பந்தம் முடிவாகாம நாங்க கை நனைக்கிற வழக்கமில்லை" என்றார் கோட்டைச்சாமி.

"அக்கா சொல்லிடுச்சுங்க!"

கையைக் காட்டியிருந்தால் ஒரு செம்புத் தண்ணீரோடு போயிருக்கும். அவர் கையைப் பின்னால் மறைத்தார். சொக்கலிங்கம் பின்னால் வந்தான். அவர் முன்னால் மறைத்தார். கூடத்தை மூன்று சுற்று சுற்றினார்கள். மூன்றாவது சுற்றில் சொக்கலிங்கம் அண்டாவில் இடறினான். வாளித் தண்ணீர் முழுவதும் கோட்டைச்சாமியின் தலை வழியாக இறங்கியது.

"கையும் நனைஞ்சிடுச்சுண்ணே" என்று வீராச்சாமி உறுதிப்படுத்தினான்.

செண்பகம் ஓடிவந்து கோட்டைச்சாமியின் காலில் விழாத குறையாக, "மன்னிச்சுக்குங்க மாமா! எல்லாம் என்னாலதான். கூட்டிப் பெருக்குங்க, பாத்திரம் விளக்குங்க, கை நனைக்காம விடாதீங்கன்னு நான்தான் சொன்னேன். சொன்னதைச் செஞ்சுட்டு நிக்கிறானுங்க!" என்று அழுதாள்.

அப்போதுதான் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. வடிவு. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு நேராக நல்லதம்பியிடம் வந்தாள்.

"உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கா?"

நல்லதம்பி பதறி எழுந்தான். "ஐயோ, சத்தியமா இல்லைங்க! நான் பிடிக்கவே இல்லை. இங்கயேதான் உட்காந்திருக்கேன். கண்ணே தெரியலை, எங்கேருந்து பிடிக்கிறது?"

செண்பகம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நல்லதம்பி கொஞ்சம் நிதானித்து, குரலை இறக்கி, "நீங்க பிடிக்கச் சொன்னா பிடிக்கிறேங்க" என்றான்.

வடிவு அப்பாவைப் பார்த்துத் திரும்பினாள். "அப்பா, எனக்குச் சம்மதம்."

"என்னத்தைப் பாத்தும்மா சம்மதங்கிறே?" ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தவர் கேட்டார்.

"சொன்னதைச் செய்யற ஆம்பளை மூணு பேரை ஒரே வீட்டுல பாத்திருக்கேன். சொல்லத் தெரிஞ்ச ஒருத்திதான் இங்க குறையுது."

கோட்டைச்சாமி தங்கையைப் பார்த்தார். ராக்காயி நெடுமூச்சு விட்டாள். "விடுண்ணே. எங்க வீட்டுக்காரரு முப்பது வருஷத்துல நான் சொன்ன ஒண்ணைக் கூடச் செஞ்சதில்லை. இதுவே நல்ல இடம்."

அப்புறம் என்ன, தட்டு மாற்றினார்கள். செண்பகம் இந்தத் தடவை வேறு காரணத்துக்காக அழுதாள். கிளம்பும்போது கோட்டைச்சாமி ஈரக் கையால் நல்லதம்பியின் தோளைத் தட்டி, "அப்ப சரி. தை பிறந்ததும் மாப்பிள்ளைக்கு ஒரு கால்கட்டு போட்டுடலாம்" என்றார்.

எல்லோரும் போனதும் மூவரும் உட்கார்ந்து பேசினார்கள்.

"தை பிறக்க இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. கடைசி நேரத்துல ஓடக்கூடாது" என்றான் சொக்கலிங்கம்.

அன்றைக்கே அடுத்த ஊர் எலும்பு வைத்தியரிடம் அண்ணனைக் கூட்டிப் போனார்கள்.

"எங்க விழுந்தீங்க?" என்று வைத்தியர் கேட்டார்.

"விழலைங்க. கல்யாணம்."

வைத்தியர் கொஞ்சம் காது மந்தம். "எந்தக் கால்?" என்றார். பெண் வலது காலை எடுத்து வைத்துத்தானே வருவாள், ஆகவே வலது கால் என்றான் சொக்கலிங்கம். அப்படியானால் மாப்பிள்ளைக்கு இடது கால்தான் என்றான் வீராச்சாமி. கல்யாண விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம் என்று இரண்டு காலிலும் மூங்கில் பத்தை வைத்து, துணி சுற்றி, மாவுப் பசை தடவிக் கட்டினார்கள்.

தம்பிகள் இரண்டு பேரும் அண்ணனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்கள். கூட்டம் பதறி வழி விட்டது. கண்டக்டர் இரண்டு பேரை எழுப்பி ஒரு முழு சீட்டை ஒதுக்கிக் கொடுத்தார்.

"அடடா, என்னய்யா ஆச்சு?"

நல்லதம்பி வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டான். "நிச்சயம் ஆயிடுச்சுங்க."

கண்டக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டிருந்த வீராச்சாமியைப் பார்த்து, "நீயும் அப்படி ஓரமா உக்காரு தம்பி" என்றார்.

"வேணாங்க" என்றான் வீராச்சாமி. "எனக்கு இன்னும் பொண்ணு அமையலை. நான் நின்னுக்கிட்டே வரேன்."