பாதியில் நின்ற கண்ணாடி

தணிகாசலம் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய குரு மங்கையர்க்கரசி, அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் தணிகாசலத்துக்கு அவர் அம்மாதான். ஆறு வருடமாக அவரிடம் தியானம் பயின்று வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தணிகாசலமும் மனைவி கோமளமும் அம்மாவைத் தங்கள் காரில் வனவிலங்குப் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே விலங்குகள் திறந்த வெளியில் உலவும். மனிதர்கள்தான் வண்டிக்குள் அடைந்து கிடக்க வேண்டும்.

மான்களைத் தாண்டி, இரும்புக் கதவைத் தாண்டி, சிங்கப் பகுதிக்குள் நுழைந்தார்கள். கொஞ்ச தூரத்தில் ஓர் ஆண் சிங்கம் நடுச்சாலையில் படுத்திருந்தது. முன்னால் நான்கு வண்டிகள் நின்றிருந்தன. பின்னாலும் வந்து நின்றன.

"கண்ணாடி வழியா எடுத்தா போட்டோவுல நம்ம மூஞ்சிதான் தெரியுது," என்றாள் கோமளம், பின் இருக்கையிலிருந்து.

"உன் பக்கத்துக் கண்ணாடியை இறக்குறேன். சட்டுனு எடு."

எடுத்தாள். தணிகாசலம் பொத்தானை அழுத்தினார். கண்ணாடி ஏறவில்லை. மறுபடி அழுத்தினார். கதவுக்குள் ஏதோ கறகறத்தது. கண்ணாடி பாதியிலேயே நின்றது.

புதரோரம் ஒரு பெண் சிங்கம் எழுந்து நின்றது.

"என்னங்க..." என்றாள் கோமளம்.

சிங்கம் அவசரமில்லாமல் நடந்து வந்தது. தணிகாசலம் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் பிரியவில்லை.

முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா, காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பை உருவினார். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே புகுந்து பின்னால் போனார்.

"அந்தப் பக்கம் நகருங்க, கோமளம்."

கோமளம் அசையவில்லை. அம்மா அவளைத் தோளால் தள்ளிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். விரிப்பைத் திறப்பில் வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திக்கொண்டார்.

வெளியே மூச்சுச் சத்தம் கேட்டது. விரிப்பின் நடுப்பகுதி உள்பக்கமாகப் புடைத்தது. அம்மா இன்னும் அழுத்தினார். மறுபடி புடைத்தது. வண்டிக்குள் பச்சை மாமிச வாடை பரவியது.



எவ்வளவு நேரம் என்று தெரியாது. காவலர்களின் ஜீப் ஹாரன் அடித்தபடி வந்து வண்டியை ஒட்டி நின்றது. பெண் சிங்கம் விலகிப் போனது. சாலையில் படுத்திருந்த ஆண் சிங்கத்தையும் விரட்டினார்கள். வண்டிகள் நகர்ந்தன.

வெளியே வந்ததும் தணிகாசலம் ஒரு வேப்பமரத்தடியில் காரை நிறுத்தினார். கோமளம் இறங்கித் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அம்மா தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருக முடியவில்லை. கை அவ்வளவு நடுங்கியது. புடவையின் முதுகுப்பக்கம் வியர்வையில் ஒட்டிப்போயிருந்தது.

தணிகாசலம் பாட்டிலை வாங்கித் திறந்து கொடுத்தார்.

"அம்மா, உங்களுக்குமா பயம்?"

"செத்துப்போயிடுவேன்னு நினைச்சேன், ஐயா."

"இத்தனை வருஷத் தியானத்துல உங்களுக்கே அது போகலைன்னா, எனக்கு எப்போ போகும்?"

அம்மா இரண்டு மடக்குக் குடித்தார். பாதித் தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

"அது போகட்டும்னு நான் காத்திருந்தா, ஜன்னலோரம் கோமளம்தானே உட்கார்ந்திருப்பாங்க?"