கடைசி சீட்டில் மூன்று லேப்டாப்

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சிஷ்யருக்கு நாற்பத்தெட்டு. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பேரும் பாளையங்கோட்டையை ஒட்டிய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் என் லேப்டாப் கடைக்குள் நுழைந்தார்கள். அன்றைக்கு என் தலையெழுத்து அப்படி.

குரு ஜெபக்கனி என்ற பெண், பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். சிஷ்யர் இசக்கியப்பன், முக்கூடல் பஸ்ஸில் கண்டக்டர். இரண்டு வருஷமாக ஜெபக்கனியிடம் இசையமைக்கப் படிக்கிறார். பஸ் முக்கூடல் போய்ச் சேர்ந்தால் திரும்பிக் கிளம்ப நாற்பது நிமிஷம் ஆகும். அந்த நாற்பது நிமிஷமும், கூட்டம் இல்லாவிட்டால் ஓடுகிற பஸ்ஸிலும், கடைசி சீட்டில் உட்கார்ந்து பாட்டுப் போடுவாராம்.

அவர் கையில் நாலு பக்கத்துக்கு ஒரு பட்டியல் இருந்தது. எல்லாம் வீடியோ பார்த்துப் பார்த்து எழுதியது. பிராசஸர் எது, ராம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்று கேட்டுக்கொண்டே போனார். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

கடைசியில் குருவிடம் திரும்பினார்.

"மாஸ்டர், இதெல்லாம் கிடக்கட்டும். நடுவுல நிக்காத லேப்டாப் எது? அதை மட்டும் சொல்லுங்க."

ஜெபக்கனி ஸ்டூலை இழுத்து ஃபேனுக்குக் கீழே போட்டுக்கொண்டார்.

"அதென்ன கணக்கு, நடுவுல நிக்காதது?" என்று நான் கேட்டேன்.

இசக்கியப்பன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். போன வருஷம் மாவட்டப் பெண்கள் கபடிப் போட்டிக்கு இவர்தான் தொடக்கப் பாட்டு. மைதானத்தில் ஆயிரம் பேர். பாட்டு பாதியில் போய்க்கொண்டிருக்கும்போது பழைய லேப்டாப் சிக்கிக்கொண்டு 'டடடடட' என்று ஒரே இடத்தில் நின்றுவிட்டது. ஆயிரம் பேரும் கூவிவிட்டார்கள். இவர் மேடையின் பின்படி வழியாக இறங்கி ஓடியவர்தான். அன்றிலிருந்து பஸ்ஸில் ஏறுகிற பயல்கள் டிக்கெட் கேட்கும்போதெல்லாம் 'டடடட' என்கிறார்களாம்.

"வர்ற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூப்பிட்டிருக்காங்க அண்ணாச்சி. இந்தத் தடவையும் நின்னுட்டுன்னா வாசிக்கிற கீபோர்டை வித்துட்டு டிக்கெட் மட்டும் கிழிக்கேன். சத்தியம்."

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. மூன்று லேப்டாப்பை எடுத்து மேஜையில் வைத்தேன். ஒன்று வெள்ளி நிறம், சப்பாத்தி மாதிரி மெலிசு. ஒன்று சிவப்பு விளக்கெல்லாம் எரியும், கேம் விளையாடும் பிள்ளைகள் வாங்குவது. ஒன்று மூடியை அப்படியே பின்னால் மடக்கலாம்.

"மூணுமே மலை மாதிரி உழைக்கும்" என்றேன்.

இசக்கியப்பன் வெள்ளி நிறத்தைத் தடவிப் பார்த்தார். "இதை எடுத்துக்கிடவா மாஸ்டர்?"

"எங்க வச்சு வேலை பாப்பீங்கண்ணே?"

"பஸ்லதான்."

"அப்போ பஸ்ல வச்சே பாத்துருவோம்."

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"டெமோ பீஸை வெளிய அனுப்புற வழக்கம் இல்லம்மா."

"அனுப்ப வேண்டாம் அண்ணாச்சி. நீங்களே கொண்டு வாங்க. மலை மாதிரின்னு சொன்னீங்கள்லா."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பன்னிரண்டு மணி வெயிலில், மூன்று லேப்டாப்பையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முக்கூடல் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். இசக்கியப்பனுக்கு அன்றைக்கு லீவு. டிரைவர் பூல்பாண்டி கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னவே, கல்யாணச் சீரா?" என்று கத்தினார். பஸ்ஸே சிரித்தது.

இசக்கியப்பனின் பாட்டை மூன்றிலும் முன்பே ஏற்றியிருந்தார் ஜெபக்கனி. அதில் நாற்பது வாத்தியங்கள்.

முதலில் வெள்ளி நிறம். அதில் இரண்டே இரண்டு சின்ன ஓட்டைகள். இசக்கியப்பன் கொண்டுவந்திருந்த சின்ன இசைக் கீபோர்டைச் செருக ஒட்டு வயர் ஒன்று தேவைப்பட்டது. பேட்டை வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கியதும் ஒட்டு வயர் கழன்றது. செருகினார். அடுத்த பள்ளத்தில் மறுபடியும் கழன்றது. ஜன்னல் வெயில் வேறு.

"பாட்டையே காணோம் மாஸ்டர். என் மூஞ்சிதான் தெரியுது."

"அடுத்தது" என்றார் ஜெபக்கனி.

சிவப்பு விளக்குக்காரன் ஜோராகத்தான் ஆரம்பித்தான். ஐந்து நிமிஷத்தில் உள்ளே ஃபேன் ஊளையிட ஆரம்பித்தது. பூல்பாண்டி திரும்பிப் பார்த்தார். "பின்னால வேற வண்டி எதுவும் வருதா?" பாதி வழி தாண்டுவதற்குள் பேட்டரி கால்வாசிக்கு வந்துவிட்டது.

மூன்றாவதன் மூடி பஸ் குலுங்கக் குலுங்க முன்னும் பின்னும் தலையாட்டியது. ஒரு பட்டனை அமுக்கினால் விரல் பக்கத்துப் பட்டனில் போய் விழுந்தது.

இசக்கியப்பன் மூன்றாவதையும் மூடி என் மேல் வைத்தார். பட்டியலைக் கசக்கி ஜன்னலுக்கு வெளியே எறியப் போனவர், என்ன நினைத்தாரோ, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"ஒண்ணும் தேறாது மாஸ்டர். எனக்கு வாய்ச்சது டிக்கெட்டுதான்."

அதற்குள் கடையிலிருந்து பையன் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டான். அவசரமாக இரண்டு பில் வேண்டுமாம். நான் எப்போதும் கூடவே கொண்டுபோகும் தோள்பைக்குள்ளிருந்து கடையின் பில் போடும் லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துத் தட்ட ஆரம்பித்தேன்.

"அண்ணே" என்றார் ஜெபக்கனி. "அண்ணாச்சி மடியைப் பாருங்க."

இசக்கியப்பன் பார்த்தார். நான் நிமிர்ந்தேன். ஜெபக்கனி என்னிடம் கேட்டார்.

"என்ன செய்யுதீங்க அண்ணாச்சி?"

"பில் போடுதேன்மா. ஏன்?"

"இந்தக் குலுக்கல்லயா? இந்த வெயில்லயா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

"இதுக்கு எத்தனை வயசு?"

"ஆறு வருஷம் இருக்கும்."

"கீழ விழுந்திருக்கா?"

"மூணு தடவை. டீயும் குடிச்சிருக்கு."

"வீட்டுக்கும் இதுதானா?"

"ஆமா. மருமக பாடம் எடுக்குறது, சம்சாரம் சீரியல் பாக்குறது, பேரன் கார்ட்டூன் பாக்குறது எல்லாம் இதுலதான்."

"இந்த ரகத்துல புதுசு கடையில இருக்கா?"

"மேல் ரேக்குல ரெண்டு பெட்டி கிடக்கு. பெரிய ஆபீஸ்காரங்க மொத்தமா வாங்குற ரகம். கறுப்பா, தடியா இருக்கும். யாரும் கேக்க மாட்டாங்கம்மா."

"நீங்க ஏன் எடுத்துக் காட்டல?"

நான் மூஞ்சியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

இசக்கியப்பன் என் மடியிலிருந்த லேப்டாப்பை மெதுவாகத் தொட்டார். மூடி ஆடவில்லை. பளபளப்பில்லாத திரையில் வெயிலிலும் எழுத்து தெரிந்தது. பக்கவாட்டில் கீபோர்டை நேராகவே செருகும்படி மூன்று பெரிய ஓட்டைகள் இருந்தன. பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் ஒரு பெட்டியை இறக்கி, ராமைப் பதினாறு ஜிபியாக ஏற்றிக் கொடுத்தேன். வியாழக்கிழமை முக்கூடலிலிருந்து இசக்கியப்பன் போன் பண்ணினார். ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"நிக்கல அண்ணாச்சி!"

ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு மைதானத்துக்குப் போனேன். மானம் என்னுடையதும்தானே. மேடையில் ஒரு மேஜை, அதன்மேல் அந்தக் கறுப்பு லேப்டாப், பக்கத்தில் இசக்கியப்பன். ஓரத்தில் நாற்காலி போட்டு ஜெபக்கனி உட்கார்ந்திருந்தார்.

பாட்டு ஆரம்பித்தது. நன்றாக இருந்தது, பொய் சொல்லவில்லை. பறையும் டிரம்ஸும் சேர்ந்து ஏறி வந்த நேரம், எந்தப் பாவி கண்பட்டதோ, ஜெனரேட்டர் இருமிவிட்டு அடங்கியது. ஸ்பீக்கர் செத்தது. மைதானம் முழுக்க அமைதி.

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"டடடடட!" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. நாலு பேர் சிரித்தார்கள்.

இசக்கியப்பன் பின்படியைப் பார்த்தார். ஒரு காலைக்கூட எடுத்து வைத்துவிட்டார். நான் குருவைப் பார்த்தேன். அவர் அசையவே இல்லை.

என்ன தோன்றியதோ, இசக்கியப்பன் ஒரு தடவை திரும்பித் திரையைப் பார்த்தார். லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் சத்தம் இல்லையே தவிர, உள்ளே பாட்டு போய்க்கொண்டுதான் இருந்தது. பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டும் கோடு திரையில் நகர்ந்துகொண்டே இருந்தது.

அவர் திரும்பி வந்தார். கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு, பாட்டின் தாளத்துக்கு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்ட ஆரம்பித்தார்.

தனி ஆளாகத்தான் தட்டினார். முன்வரிசையில் முக்கூடல் அணிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தினமும் அவர் பஸ்ஸில் வருகிறவர்கள். "நம்ம கண்டக்டருடி!" என்று ஒருத்தி எழுந்து கூடவே தட்டினாள். அணி எழுந்தது. அடுத்த அணியும் எழுந்தது. பிறகு மைதானமே தட்டியது. டடடட என்று கூவியவனும் தட்டியிருப்பான், தட்டாமல் இருக்க முடியாது. நானும் உள்ளங்கை எரியத் தட்டினேன்.

ஜெனரேட்டர் உறுமியது. ஸ்பீக்கருக்கு உயிர் வந்தது. பறை வந்து, அத்தனை பேர் கைதட்டலின் மேலேயே, ஒரு மயிரிழை பிசகாமல் விழுந்தது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல! நான் கத்தினேன். ஐம்பத்தாறு வயதில் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன்.

பாட்டு முடிந்தும் கூட்டம் உட்காரவில்லை. "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!"

இசக்கியப்பன் அழுதுகொண்டே சிரித்தார். "மாஸ்டர், பாத்தீங்களா? நிக்கல! நடுவுல நிக்காத லேப்டாப் கிடைச்சிட்டு! மறுபடியும் போடுதேன்!"

லேப்டாப்பை நோக்கிக் கையை நீட்டினார். ஜெபக்கனி எழுந்து வந்து, அதன் மூடியை மெல்ல மூடினார்.

"அது கொஞ்சம் இளைப்பாறட்டும்ணே. நீங்க ஆரம்பிங்க."

இசக்கியப்பன் மூடிய லேப்டாப்பைப் பார்த்தார். சிவந்து கிடந்த தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.