வண்ணப்படம் போட்ட வழிகாட்டி

மலையடிவார மடத்தின் தலைவி வேதநாயகிக்கு வயது நாற்பத்திரண்டு. அவளுடைய சீடர் திருமேனிக்கு அறுபத்தொன்று. நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் மடத்தில் எல்லோருக்கும் அவர் சர்வேயர் ஐயா.

ஒரு மத்தியானம் வேதநாயகி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சர்வேயர் மலையிலிருந்து இறங்கி வந்து, கையிலிருந்த புத்தகத்தைக் கீரைத் தட்டின்மேல் விட்டெறிந்தார்.

"இதைத் தூக்கி அடுப்பில போடுங்கம்மா!"

ஆறு பிறக்கும் இடம்வரை பத்தொன்பது நாள் நடை. அதற்காக மடத்து அலமாரியிலிருந்த வரைபடங்களையும் வழிகாட்டிகளையும் மூன்று வாரம் உட்கார்ந்து புரட்டி, அவரே தேர்ந்தெடுத்த புத்தகம் அது. ஐந்தாம் நாளே திரும்பிவிட்டார். கூடப் போன மைத்துனர் அருணகிரி அடுத்த அறையில் படுத்து, கஞ்சித் தண்ணீரை மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

"கரடிப்பாறை தாண்டினா வத்தாத சுனைன்னு எழுதியிருக்கான். போய்ப் பார்த்தா பாசிகூடக் காஞ்சு கிடக்கு! மச்சானுக்கு நாக்கு உள்ளே இழுத்துக்கிச்சு. தேன் எடுக்க வந்தவங்க தங்களோட தண்ணியைக் கொடுக்காட்டி, என் தங்கச்சி முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

கோபம் நியாயமானதுதான். இப்படி ஒரு புத்தகத்தை நம்புவதைவிட வெறுங்கையோடு போய்த் தொலையலாம் என்று எனக்கே தோன்றுகிறது.

"அலமாரியில ஒரு பழைய நோட்டு இருந்ததே. அதை ஏன் எடுக்கல?"

"அதுவா? ஒரே அடித்தல் திருத்தல். போனவன் வந்தவன் எல்லாம் கிறுக்கி வெச்சிருக்கான். ஒருத்தன் தண்ணி இருக்குங்கறான், அதை அடிச்சிட்டு இன்னொருத்தன் பங்குனியில இல்லேங்கறான். முப்பத்திரண்டு வருஷம் படம் போட்டவன் நான். அடித்தல் இருந்தா மேலதிகாரி மூஞ்சியில விட்டெறிவார். இதைப் பாருங்க. வண்ணப்படம், அளவுகோல், ஒரு கோடு பிசகல!"

"தண்ணிதான் இல்லை."

"கேலி பண்ணாதீங்கம்மா! எழுதினவனைச் சும்மா விடமாட்டேன். இறங்கி வர்ற வழியெல்லாம் மனசுக்குள்ளயே அவனுக்குக் கடிதம் எழுதிட்டேன். நாலு பக்கம்!"

"வழி பிரியற இடத்துல தழை போட்டீங்களா?"

அந்த மலையில் நடப்பவர்களின் வழக்கம் அது. போகக் கூடாத பாதையின் குறுக்கே பச்சைக் கிளை ஒன்றை ஒடித்துப் போட்டுவிட்டால், பின்னால் வருகிறவர்கள் மற்றப் பாதையில் திரும்பிவிடுவார்கள்.

"நான் இருந்த கோபத்துல கிளையா ஒடிச்சிட்டு நிப்பேன்?"

"எதிரே யாராவது வந்தாங்களா?"

"ரெண்டு பொண்ணுங்க. இன்னிக்குக் காலையில, அந்தப் பிரிவுகிட்டதான். அவங்க கையிலயும் இதே புத்தகம்! சுனையில தண்ணி இருக்குதானேன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

சர்வேயரின் குரல் முதல்முறையாக இறங்கியது.

"எழுதினவனைப் போய்க் கேளுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

வேதநாயகி கோபப்பட்டு மடத்தில் யாரும் பார்த்ததில்லை. அன்று அவள் முகம் சிவந்துவிட்டது. கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, தொட்டியில் இரண்டு கேன்களை அமுக்கி நிரப்பினாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எங்கேம்மா?"

"பொழுது சாய்ஞ்சதும் அவங்க கரடிப்பாறைக்குக் கீழே இருக்கிற மண்டபத்துல தங்குவாங்க. விடிஞ்சா சுனைக்குக் கிளம்பிடுவாங்க. அதுக்குள்ள பிடிக்கணும்."

சர்வேயர் வாசல்வரை பின்னாலேயே ஓடினார். அப்போதும் அவருக்கு மனம் ஆறவில்லை.

"அப்போ அந்தப் புத்தகக்காரன்மேல தப்பே இல்லையா? இது அநியாயமில்லையா?"

"தப்புதான். ஆனா சுனை வத்தினது அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். கேனைத் தூக்குங்க, ஐயா."