கருகிய காயிலுக்கு ஒரு ஜோடி

வாத்துக்கால் தோட்டத்துக்கு அரசாங்கத் தாளில் வேறு ஏதோ பெயர். செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் மண்சாலை வாத்தின் காலைப் போல மூன்றாகப் பிரிவதால் எல்லாரும் அப்படி அழைத்தார்கள். மூன்று பாதையும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் போகும். ஆனாலும் எதில் போவது என்று பிரிவில் நின்று யோசித்தே பாதிப் பேர் வேலைக்குத் தாமதமாகப் போனார்கள்.

அந்தத் தோட்டத்தில் ஓர் உறுமி மேளக் குழு இருந்தது. தலைவர் கன்னியப்பன். மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் அவர் தலைவர். கண்ணாடியில் சில்லு கிடையாது. சில்லு இருந்தால் அழுக்குப் படிகிறது என்று கழற்றிவிட்டார். நல்லுசாமி ஜால்ரா போடுவார். ஒச்சையா தவில். உறுமி அடிப்பது அங்கமுத்து.

ஒருமுறை கோயில் தலைவர், "நான் போதும்னு சொல்ற வரைக்கும் அடிங்கப்பா" என்று சொல்லிவிட்டு, சொல்ல மறந்து மகள் வீட்டுக்குப் போய்விட்டார். திருவிழா முடிந்து பந்தலைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். குழு லாரியில் ஏறி உட்கார்ந்து அடித்துக்கொண்டே போனது. அப்படிப்பட்ட சொல் சுத்தம்.

அங்கமுத்துவுக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியும் பெண் அமையவில்லை. கடைசியில் அதே தோட்டத்துத் தவமணியைப் பேசினார்கள். பெண் பார்க்க மேளத்தோடு நான்கு பேரும் போனார்கள். மேளம் இல்லாமல் எங்கேயும் போகக் கூடாது என்பது கன்னியப்பன் போட்ட சட்டம்.

தவமணியிடம் அவள் அம்மா, "தலையை நிமிராம காப்பியைக் கொண்டு போய்க் கொடு" என்று சொல்லியிருந்தாள். தவமணி தலை நிமிராமல் வந்தாள். கன்னத்தில் கடலை மாவு, ஒரு கையில் வடை சுட்ட கரண்டி, மறு கையில் காப்பித் தட்டு. நிமிராமலே எல்லாரையும் கடந்து, முன்வாசல் வழியே வெளியே போய், வேலிக் கம்பத்துக்கு முன்னால் நின்று, "எடுத்துக்குங்க" என்றாள். கம்பம் எடுக்கவில்லை. அவளும் நிமிரவில்லை.

அங்கமுத்து அங்கேயே அவளிடம் மனசைக் கொடுத்துவிட்டான். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் பெண் இந்தக் காலத்தில் யாருக்குக் கிடைக்கும்?

ஆனால் முடிவு சொல்ல வேண்டியவர் தவமணியின் தாய்மாமன் வைரக்கண்ணு. "என் தம்பி சொன்னா சரி" என்று அவள் அம்மா ஒதுங்கிக்கொண்டாள். மாமா பக்கத்து ஊரிலிருந்து அதற்காகவே பஸ் ஏறி வந்திருந்தார். நாற்காலியில் சாய்ந்து, சட்டைப்பையிலிருந்து வேப் என்ற மின்சிகரெட்டை எடுத்து ஓர் இழுப்பு இழுத்தார். உடனே முகம் கோணி, கண்ணில் நீர் வர இருமினார்.

"தூ! காயில் கருகிப் போச்சு."

அந்தக் கருவியின் மேலே ஒரு சின்னத் தொட்டி. அதற்குள் திரவம். திரவத்தைச் சூடாக்கிப் புகையாக்குவது உள்ளே இருக்கும் சுண்டுவிரல் நுனி அளவு கம்பிச்சுருள், அதுதான் காயில். மாமா அதைக் கழற்றிக் காட்டினார். பஞ்சும் கம்பியும் கரியாக இருந்தன.

"புகை வந்தாத்தான் எனக்கு வார்த்தை வரும். அது இல்லாம நான் எந்த முடிவும் எடுத்ததில்லே. சாயங்கால பஸ்ஸுல நான் திரும்பணும். நாளைக்கு ஒரு லாரி டிரைவர் பையன் இவளைக் கேட்டு என் வீட்டுக்கு வர்றான்" என்றார் மாமா.

அங்கமுத்து துள்ளி எழுந்தான். "மாமா, நான் டவுனுக்குப் போய் வாங்கிட்டு வந்துடறேன்."

"கண்டதையும் வாங்கிட்டு வந்துடாதே. ஆயிரம் வகை இருக்கு. ஒண்ணு இன்னொண்ணுக்குச் சேராது. இதைக் கையோட கொண்டு போ. இதே மாதிரி வேணும். ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் எனக்கு வேணாம். இன்னொண்ணு, மாட்டுறதுக்கு முந்தி நல்லா ஊறணும். ஊறாம மாட்டினா கருகிடும்."

அங்கமுத்து அந்தக் காயிலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டான். குழு மேளத்தோடு டவுனுக்குக் கிளம்பியது.

முதல் வேப் கடையில் கஸ்தூரி என்ற பெண் இருந்தாள். காயிலைப் பார்த்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் அலமாரியில் கைவிட்டு ஒரு பெட்டியை எடுத்துப் போட்டாள். "இதான்ணே. அச்சு அசல் அதே."

கன்னியப்பன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நான்கு தலைகளும் குனிந்தன.

"இது வெள்ளையா இருக்கு" என்றார் நல்லுசாமி.

"மாமாவோடது கறுப்பு" என்றார் ஒச்சையா.

அங்கமுத்து முகர்ந்து பார்த்தான். "வாசமும் வேற. மாமாவோடதுல அடிபிடிச்ச சோத்து வாசம் வருது. இதுல ஒண்ணுமே இல்லே."

"அண்ணே, அது கெட்டுப் போனது. இது புதுசு" என்றாள் கஸ்தூரி.

கன்னியப்பன் பொறுமையாகச் சிரித்தார். "தங்கச்சி, நாங்க புதுசு கேக்கலேம்மா. இதே மாதிரி கேக்குறோம்."

"புதுசை மாட்டி இழுத்தா கொஞ்ச நாள்ல அதுவும் கறுப்பாயிடும்ணே."

"அதுவரைக்கும் பஸ் நிக்குமா?" என்றான் அங்கமுத்து.

கஸ்தூரி கடையில் இருந்த அத்தனை பெட்டியையும் திறந்தாள். எல்லாமே பளபளவென்று இருந்தன. "இவ்வளவு பெரிய கடை, கருகினது ஒண்ணுகூட வச்சிருக்கலே. எப்படிம்மா பொழைக்கிறே?" என்று உண்மையான கவலையோடு கேட்டார் ஒச்சையா. அவள் வாசலைக் காட்டினாள்.

இரண்டாவது கடைக்காரர் வயதானவர், அவசரமில்லாதவர். முழுக் கதையையும் கேட்டார். நான்கு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து குப்பைத் தொட்டியை இழுத்து முன்னால் வைத்தார். வாடிக்கையாளர்கள் மாற்றிவிட்டுப் போன பழைய காயில்கள் அதில் பாதிவரை கிடந்தன.

நான்கு பேரும் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"இதுதான்யா கடை!" என்றார் கன்னியப்பன்.

தரையில் உட்கார்ந்து பொறுக்கினார்கள். கத்தரிக்காய் வாங்குவது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சரியாகக் கருகாததை ஒதுக்கினார்கள். ஒன்று நன்றாகக் கருகியிருந்தது, ஆனால் குட்டை. இன்னொன்று உயரம் சரி, நுனியில் கொஞ்சம் வெள்ளை. கடைசியில் அங்கமுத்துவின் கையில் ஒன்று அகப்பட்டது. அதே உயரம். அதே கரி. அதே அடிபிடித்த வாசம். அவன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. தவமணியே கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

"என்ன கொடுக்கணும் ஐயா?"

"ஒண்ணும் வேணாம். தொட்டியோட எடுத்துட்டுப் போங்க சாமி" என்றார் கடைக்காரர்.

சொன்ன சொல்லைத் தட்டக் கூடாது. ஒச்சையா குப்பைத் தொட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டார்.

இனி ஊறவைக்க வேண்டும். எதில் என்று மாமா சொல்லவில்லை. பஸ் நிலையத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"உளுந்தைத் தண்ணியில ஊறப் போடுவோம். ரொட்டியைத் தேத்தண்ணியில ஊறப் போடுவோம். இது எந்தப் பக்கம்?" என்று கேட்டார் நல்லுசாமி.

"வாயில வைக்கிறது. ரொட்டிப் பக்கம்தான்" என்று தீர்ப்பளித்தார் கன்னியப்பன்.

பால் விட்ட தேத்தண்ணி வந்தது. அங்கமுத்து புதிதாகக் கிடைத்ததை அதில் போட்டான். பிறகு கையிலிருந்த பழையதைப் பார்த்தான். அதுவும் பாவம், காலையிலிருந்து வெயிலில் அலைந்தது. அதையும் போட்டான்.

உளுந்து உப்பினால் ஊறிவிட்டது என்று அர்த்தம். ஆகவே காயில் உப்பும்வரை காத்திருந்தார்கள். உப்பவில்லை. கடைக்காரர் மேசையைத் துடைத்தார். நாற்காலியைக் கவிழ்த்தார். வெளியே வெயில் மஞ்சளாக மாறுவதைப் பார்த்து அங்கமுத்து பதறினான். "அண்ணே, பஸ்ஸு! தவமணி!"

காயில்களை வெளியே எடுத்தபோதுதான் விபரீதம் புரிந்தது.

"இதுல மாமாவோடது எது?" என்றார் ஒச்சையா.

கன்னியப்பன் முகம் இருண்டது. "புதுசுன்னு சொல்லிப் பழசைக் கொடுத்தோம்னா மோசடியாயிடும். குழுவுக்குக் கெட்ட பேரு."

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க. மாமாவோடதா இருந்தா அசையும்" என்றார் நல்லுசாமி.

ஒச்சையா குனிந்து மெதுவாக, "வைரக்கண்ணு" என்று கூப்பிட்டார்.

"அது மாமா பேரு. காயில் பேரைச் சொல்லு."

"காயில் பேரு யாருக்குத் தெரியும்?"

இரண்டும் அசையவில்லை. இரண்டையும் தேத்தண்ணியோடு எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஓடும்போது பாதித் தேத்தண்ணி அங்கமுத்துவின் சட்டையில் கொட்டியது. வலது செருப்பு சாக்கடையில் போனது. தோட்டத்து மூன்று பாதைப் பிரிவில் கன்னியப்பன் நின்று யோசிக்க ஆரம்பித்தார். அங்கமுத்து வாழ்க்கையிலேயே முதல்முறையாக யோசிக்காமல் நடுப்பாதையில் ஓடினான். மற்ற மூவரும் பின்னால் ஓடினார்கள்.

மாமா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தவமணி வீட்டுக்கு எதிரே பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது மாமா. மயிரிழை வித்தியாசம் கிடையாது. எது எதுன்னு எங்களுக்கே தெரியலே."

அவசரத்தில் மாமா குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஒன்றைப் பிடுங்கி மாட்டி, பொத்தானை அழுத்தி, ஆழமாக இழுத்தார். உள்ளே கொடகொடவென்று சத்தம் வந்தது. புகை வரவில்லை. வாய் நிறையத் தேத்தண்ணி வந்தது.

"சர்க்கரை போதுமா மாமா?" என்றார் ஒச்சையா.

மாமா துப்பினார். பேச வாய் திறந்தார். கோபத்தில் பேச்சு வரவில்லை.

"பார்த்தியா, புகை இல்லாம அவருக்கு வார்த்தை வரலே. சொன்னாரே!" என்றார் நல்லுசாமி.

கன்னியப்பன் நிமிர்ந்தார். "புகைதானே? புகை நம்ம தொழிலுப்பா!"

அடுத்த நொடி தேங்காய் நார் வந்தது, நெருப்பு வந்தது, கைப்பிடி கைப்பிடியாகச் சாம்பிராணி விழுந்தது. மாமாவைச் சுற்றிப் புகை வேலி போல எழுந்தது. கூடவே உறுமி முழங்கியது, தவில் அதிர்ந்தது. கோயில் திருவிழாவில் இந்தச் சத்தம் கேட்டால் வைரக்கண்ணு மாமாமேல் முனியாண்டி இறங்குவது ஊரறிந்த விஷயம். சாமிக்கு இடம் பொருள் தெரியுமா? புகைக்குள் ஒரு பெரிய உறுமல் கேட்டது. பை பறந்தது. மாமா ஆட ஆரம்பித்தார். வந்த பஸ் புகையையும் உறுமலையும் பார்த்து நிற்காமல் வேகமெடுத்துப் போய்விட்டது.

அங்கமுத்து உறுமியை அடித்துக்கொண்டே கத்தினான். "சாமி! தவமணியை எனக்குக் கொடுக்கிறியா?"

"கொடுத்தேன்டா!" என்று கர்ஜித்தது புகை.

மேளம் நின்றது. எல்லார் முகத்திலும் சாம்பல். மாமா தெளிந்து, இருமி, முகத்துச் சாம்பலைத் துடைத்தார். என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னார்கள்.

"அது சாமி சொன்னது. நான் சொல்லலே."

நான்கு பேரும் கவலையோடு கூடிப் பேசினார்கள். "அப்போ சாமியோட அக்கா மகளைத்தான் நமக்குக் கொடுத்திருக்கா?" என்றார் ஒச்சையா. "அது யாரு? எந்தத் தோட்டம்?"

அப்போது தவமணி வெளியே வந்தாள். தலை நிமிராமல்தான். கன்னத்து மாவும் கைக் கரண்டியும் அப்படியே. காலையிலிருந்து யாரும் அவளை நிமிரச் சொல்லவில்லை. "மாமாவோட காயில் எதுன்னு தெரியணும், அவ்வளவுதானே?" என்றாள்.

"ஆமா" என்றான் அங்கமுத்து.

"இந்த ரெண்டையும் கொண்டு போங்க. இதே மாதிரி இன்னும் ரெண்டு வாங்கிட்டு வாங்க. நாலுல ஒண்ணு நிச்சயமா மாமாவோடது."

கன்னியப்பன் கண்ணாடியைக் கழற்றி, இல்லாத சில்லைத் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். "இந்த மூளைக்கு என்ன சீர் செய்தாலும் தகும்ணே" என்று முணுமுணுத்தார் நல்லுசாமி. ஆனந்தத்தில் அங்கமுத்துவின் கையிலிருந்த உறுமிக் குச்சி கீழே விழுந்தது.

வைரக்கண்ணு மாமா தவமணியைப் பார்த்தார். அங்கமுத்துவைப் பார்த்தார். மறுபடி தவமணியைப் பார்த்தார். லாரி டிரைவர் நல்ல பையன், அவனுக்கு எதற்கு இந்தக் கஷ்டம் என்று தோன்றியது. புகையே இல்லாமல் அவருக்கு வார்த்தை வந்தது.

"எடுத்துக்கடா. இவளுக்கு நீதான். வர்ற தை மாசம் முதல் முகூர்த்தம். எல்லாரும் இதே மாதிரி வந்து சேருங்க."

களைப்பில் சொல்லிவிட்டார்.

தை பிறந்தது. கல்யாண மண்டபத்தில் முதல் வரிசையில் இருந்தவர்கள் மாப்பிள்ளை வருவதைக் கண்டு எழுந்து நின்றார்கள். பழைய சட்டை, அதில் அளவெடுத்து ஊற்றிய தேத்தண்ணிக் கறை. முகத்தில் சாம்பல். இடது காலில் மட்டும் செருப்பு. பின்னால் ஒச்சையா தலையில் குப்பைத் தொட்டியோடு. மணவறையில் தவமணி தலை நிமிராமல், கன்னத்தில் புதிதாகப் பூசிய கடலை மாவும் கையில் கரண்டியுமாக உட்கார்ந்திருந்தாள். நல்லுசாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "மயிரிழை வித்தியாசம் இல்லே" என்று பெருமையோடு சொன்னார்.

அப்போது வாசலில் கூச்சல். பட்டு வேட்டி, சந்தனப் பொட்டு, மல்லிகைப்பூ மணம், வாயில் புதுக் காயில் போட்ட வேப். தாய்மாமன் வந்து நின்றார். கன்னியப்பன் அவரை மேலும் கீழும் பார்த்து, கைகளை அகல விரித்து வழி மறித்தார்.

"யாருங்க நீங்க?"

"டேய், நான் வைரக்கண்ணுடா!"

"அப்படியா? எங்க மாமா கறுப்பா, சாம்பலா, கோபமா இருப்பாரு. நீங்க பளபளன்னு இருக்கீங்க."

ஒச்சையா கிட்டே வந்து முகர்ந்து பார்த்தார். "வாசமும் வேற" என்றார். தொட்டியை இறக்கி வைத்துவிட்டு, நாரையும் சாம்பிராணியையும் எடுத்துவர ஓடினார்.