மாரப்பன் மிஷினுக்கு சுவிட்ச் வாங்கின கதை

கோயமுத்தூரில் மிஷின் செய்யத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. அந்தப் பெருமையைக் கொஞ்சம் சமன்செய்வதற்காகத்தானோ என்னவோ, கணபதியில் மாரப்பன், நாச்சிமுத்து, தேவராசு என்று மூன்று கூட்டாளிகள் இருந்தார்கள்.

மாரப்பன் தன் வீட்டுத் தகரக் கொட்டகையில், ஒரு நீள மர பெஞ்சின் மேல் சிஎன்சி மிஷின் ஒன்றைச் சொந்தமாகப் பூட்டியிருந்தான். கம்ப்யூட்டர் சொல்கிறபடி அதன் தலை தண்டவாளத்தில் ஓடி எழுத்துக் கொத்தும். ஆனால் எங்கே நிற்பதென்று அதற்குத் தெரியாது. கடைசியில் இருக்கிற கட்டையில் மடேரென்று முட்டும்.

"துணி காயப்போட நல்லா இருக்கும்" என்று அவன் மச்சான் சடையப்பன் சொந்தபந்தம் பூராவும் சொல்லிச் சிரித்திருந்தார். அதே மச்சான் நாளைக் காலையில் புது லேத் பட்டறை திறக்கிறார். பெயர்ப்பலகை என் பொறுப்பு என்று மாரப்பன் ரோஷத்தில் வாக்குக் கொடுத்துவிட்டான். கையில் இருந்தது ஒரே ஒரு பித்தளைத் தகடு.

மிஷினை நிற்கவைக்க மூவரும் சுவிட்ச் வாங்கப் போனார்கள்.

"இது ஹோமிங் சுவிட்ச். மிஷின் போய் இதத் தட்டுனாத்தான் எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னு அதுக்குத் தெரியும். இது லிமிட் சுவிட்ச், எல்லை தாண்டாம நிறுத்தும்" என்றார் கடைக்காரர். பிறகு இரண்டு வகையை எடுத்து வைத்தார். ஒன்று தொட்டால் 'டிக்' என்னும். இன்னொன்று தொடாமலே கண்டுபிடிக்கும்.

"தொடாமயே தெரிஞ்சுக்குமா? அப்ப நாம பேசறதும் அதுக்குத் தெரியுமில்ல?" என்றான் நாச்சிமுத்து.

"மெதுவாப் பேசு" என்றான் தேவராசு.

'டிக்' வகையே முடிவாயிற்று. "ஒவ்வொண்ணா அழுத்திப் பாத்து எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர், பாவம். பெட்டியில் இருநூறு இருந்தன. இருநூறையும் அழுத்தி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

வாசல்வரை வந்து அவர் இன்னொன்றும் சொன்னார்: "சுவிட்சும் அதத் தட்டற இரும்புத் துண்டும் நேருக்கு நேரா இருக்கோணும். ஒண்ணவிட்டு ஒண்ணு விலகவே கூடாது."

கொட்டகைக்கு வந்ததும் மாரப்பனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. "துண்ட மிஷின் தலைலயும் சுவிட்சக் கட்டைலயும் வெச்சா, தலை ஓடறப்ப ரெண்டும் விலகிருமே!" யோசித்து யோசித்து, இரண்டையுமே தலையில் ஒரு விரற்கடை இடைவெளிவிட்டுத் திருகினான். மிஷின் ஓடியது. மடேர்.

"துண்டு நல்லாத்தான் தொரத்துது. சுவிட்ச்தான் சிக்க மாட்டேங்குது" என்றான் நாச்சிமுத்து.

வேகத்தைக் குறைத்தார்கள். மெதுவாக முட்டியது.

மணி நாலு. மச்சானின் சிரிப்பு இப்போதே காதில் கேட்டு மாரப்பனுக்கு அழுகை வந்தது. அப்போது தேவராசு வாய் திறந்தான். "கட்டை இருக்கறதுனாலதான முட்டுது?"

மாரப்பன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கட்டையைக் கழற்றி எறிந்தார்கள்.

பெஞ்சில் பள்ளம் வெட்டித் தகட்டைப் பதித்து, மிஷினைப் போட்டார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பதென்று தெரியாத தலை, தான் நின்ற இடத்திலேயே, தகட்டின் நட்டநடுவில் ஆரம்பித்தது. 'சடையப்பன்' என்று அழகாகக் கொத்தியது. தகடு தீர்ந்தது. தலை தீரவில்லை. அப்படியே மரத்தில் இறங்கி 'லேத் ஒர்க்ஸ்' என்று கொத்தி முடித்து, தண்டவாளத்தைவிட்டு வெளியே பாய்ந்து தொங்கியது. ஒயர் இழுத்து பிளக் பிடுங்கிக்கொள்ள, மிஷின் நின்றது. முட்டவே இல்லை! மூவரும் துள்ளிக் குதித்தார்கள்.

அந்நேரம் மச்சான் வந்தார். தகட்டைப் பார்த்தார்.

"என்ற பேரு இருக்குது. மீதி எங்க மாப்ளை?"

"பெஞ்சுல இருக்குதுங்க மச்சான். ஒரு எழுத்துக்கூடக் கொறையல."

மச்சான் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "உன்னையப் போயிக் கேலி பண்ணீட்டனே, மாப்ளை" என்றார். பிறகு டேப்பை எடுத்து பெஞ்சை அளந்தார். எட்டடி. பட்டறை முகப்பு ஆறடிதான். கொஞ்சம் யோசித்துவிட்டு போனை எடுத்தார்.

"கொத்தனாருங்களா? ஒரு பட்டறைய இடிச்சுப் பெருசாக் கட்டோணுங்க. ஆமாங்க, நாளைக்குத் தொறக்கறமே, அதேதானுங்க."