மழைமானி அறையில் யார்?

“டீச்சர், பேரு கேக்குது, பாஸ்வேர்டு கேக்குது, ரெண்டையும் மறுக்காம வாங்கிக்கிடுது. உள்ள போனா ஒரே கறுப்பு. ஏன்?”

கேட்டவர் சீனிச்சாமி, ஐம்பத்தாறு வயது. கேட்கப்பட்டவர் ரஹ்மத், இருபத்தெட்டு வயது.

கோரைமலை பஜாரில், சிமெண்டுக் கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்துகொண்டு மலைப் பள்ளிக்கூடங்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் ரஹ்மத். அவற்றில் ஓடும் லினக்ஸைச் சொல்லித் தருவார். காசு வாங்க மாட்டார், அதிகம் பேசவும் மாட்டார். அவரிடம் சந்தேகம் கேட்கப் போனவர்கள் பெரும்பாலும் இன்னும் இரண்டு சந்தேகங்களோடுதான் படி இறங்குவார்கள்.

அப்போது அவர் ஒரு பழைய கீபோர்டின் பொத்தான்களைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்.

“எந்தக் கம்ப்யூட்டரு?”

“மழைமானி ரூம்ல இருக்கிறதுதான்.”

மலை உச்சியில் ஒரு மழைமானி இருக்கிறது. அதில் விழும் மழையைப் பக்கத்து அறைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் கணக்கெடுக்கும். அறுபது மில்லிமீட்டரைத் தாண்டினால் சீனிச்சாமி கீழே உள்ள மூன்று குடியிருப்புகளுக்கும் போன் போட வேண்டும். மண் சரிவதற்குள் ஆட்கள் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட வேண்டும். நான்கு வருடமாக அந்தத் திரைக்கு முன்னால் அவர்தான் உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தேனியில் அவர் மனைவி பொன்னுத்தாய்க்குப் பித்தப்பை ஆபரேஷன். இரண்டு வருடத்துக்கு முன்னால் கர்ப்பப்பையை எடுத்தபோது இங்கே நல்ல மழை. அவர் போகவில்லை. இந்த முறை “வந்துருவேன்” என்றார். “சரி” என்றாள் பொன்னுத்தாய். அந்தச் சரியில் நம்பிக்கை துளியும் இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்தபடியே மடிக்கணினியில் மழைமானியின் திரையைப் பார்க்க முடிந்தால் போய்விடலாம். அதற்கான சர்வர் மென்பொருளை அறைக் கம்ப்யூட்டரில் அவரே நிறுவினார். பதினொரு நாளாகக் கறுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். தேனிக்குக் கடைசி பஸ் இன்று மூன்றரைக்கு.

“ஃபயர்வாலு?”

“அந்தத் தடுப்பைத் தெறந்தாச்சு.”

“சர்வர் ஓடுதா?”

“ஓடுது. மூணு தடவை அழிச்சுட்டு மறுபடி போட்டேன். நெட்டுல ஒருத்தர் ஒரு வரி சேக்கச் சொன்னாரு, சேத்தேன். இன்னொருத்தர், அந்த வரியாலதான் எல்லாம் கெட்டுச்சுன்னாரு, எடுத்தேன். ரெண்டுக்கும் அதே கறுப்புத்தான்.”

“ஒரு தடவையாச்சும் வந்துச்சா?”

“வந்துச்சு டீச்சர். அதுலதான் எனக்குக் கிறுக்குப் பிடிக்குது. போன செவ்வாக்கெழம கரண்டு போயி வந்துச்சு. நான் டீக்கடையில இருந்தேன். மடிக்கணினியில சும்மா தட்டிப் பாத்தேன். முகப்பு பளிச்சுனு வந்துருச்சு.”

“அப்புறம்?”

“திரையில மானிக் கணக்கு காட்டுற ஜன்னல் மட்டும் தெறக்காம இருந்துச்சு. பதறிப்போயி மேல ஓடியாந்தேன். கம்ப்யூட்டரு முன்னாடி உக்காந்து, உள்ள போயி, ஜன்னலைத் தெறந்து வச்சேன். எல்லாம் சரியா இருந்துச்சு. மறுபடி டீக்கடைக்குப் போயித் தட்டுனா, கறுப்பு.”

ரஹ்மத் ஒரு பொத்தானை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“உள்ள யாரு இருக்கா?”

“எங்க?”

“மழைமானி கம்ப்யூட்டர்ல.”

“யாருமே இல்ல டீச்சர். நான் மட்டுந்தான்.”

ரஹ்மத் சிரித்துவிட்டார். எதற்குச் சிரிக்கிறார் என்று சீனிச்சாமிக்கு விளங்கவில்லை.

“ஹூன்னு, டபிள்யூ ஹெச் ஓ, தட்டிப் பாருங்கய்யா. யாரு யாரு உள்ள இருக்காகன்னு அதுவே சொல்லும்.”

சீனிச்சாமி மலை ஏறினார். தட்டினார். ஒரே ஒரு பெயர் வந்தது. மலை இறங்கினார்.

“என் பேரு ஒண்ணுதான் வருது.”

“அவரை வெளிய அனுப்புங்க.”

“எவரை?”

ரஹ்மத் பொத்தான்களைத் துடைத்து, இருந்த இடத்தில் ஒவ்வொன்றாக மாட்டத் தொடங்கினார். இனிமேல் பேச மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

மறுபடி ஏறும்போது வழியெல்லாம் சீனிச்சாமி யோசித்தார். பாதி வழியில் சட்டென்று நின்றார். யாரோ தன் பெயரில் உள்ளே புகுந்து உட்கார்ந்திருக்கிறான். டீச்சர் சொன்னது அவனைத்தான். இது புரியாமல் பதினொரு நாளை வீணாக்கிவிட்டோமே என்று தன்மேலேயே அவருக்குக் கோபம் வந்தது.

அறைக்குப் போனதும் முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினார். பதினான்கு எழுத்து. மறந்துவிடாமலிருக்க உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். மடிக்கணினியைத் திறந்து புதுப் பாஸ்வேர்டைக் கொடுத்தார். மறுக்காமல் வாங்கிக்கொண்டது.

கறுப்பு.

மணி இரண்டரை ஆனது. வெளியே தூறல் தொடங்கியது. துணிப்பை கட்டி வாசலோரம் தயாராக இருந்தது. மடியில் கறுப்புத் திரை, எதிரே மழைமானியின் திரை. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, பொன்னுத்தாயிடம் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தார். ஒன்றும் தோன்றவில்லை. அழுகை வரும்போல் இருந்தது.

அந்த நேரத்தில் குடையை மடக்கிக்கொண்டு ரஹ்மத் உள்ளே வந்தார்.

“வெளிய அனுப்பிட்டீங்களா?”

“பாஸ்வேர்டையே மாத்திப்புட்டேன் டீச்சர். இருந்தும் போக மாட்டேங்கறான்.”

“எந்திரிங்க.”

எழுந்தார்.

“லாக் அவுட் பண்ணுங்க.”

“ஐயையோ, அது மட்டும் முடியாது. இந்த ஜன்னலை மூடுனா மானி நின்னுரும்.”

“யாரு சொன்னா?”

சீனிச்சாமி யோசித்துப் பார்த்தார். யாரும் சொன்னதாக நினைவில்லை.

“மூடிப் பாத்திருக்கீகளா?”

“நாலு வருசத்துல நானா மூடுனதே இல்ல. நான் இருக்கும்போது எப்படி மூடும்?”

ரஹ்மத் சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தார். சீனிச்சாமியும் பார்த்தார். இரண்டு ஐம்பது.

லாக் அவுட்டை அமுக்கினார். மானியின் ஜன்னல் மறைந்தது. யார் நீ, பெயரைச் சொல் என்று கேட்கும் திரை வந்தது. கரண்டு போய் வந்தால் மட்டுமே அவர் பார்த்திருந்த திரை அது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மடிக்கணினியையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

ரஹ்மத் அறையைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டார். உள்ளே இருந்த குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு எடுத்து வந்திருந்தார். மழைமானிக்குப் போய் அதன் வாயில் மெதுவாக ஊற்றினார்.

“டீச்சர், அதை மழைன்னு எடுத்துக்கிடுமே.”

“எடுத்துக்கட்டும். இப்பத் தட்டுங்க.”

தகரக் கொட்டகைக்குக் கீழே உட்கார்ந்து சீனிச்சாமி மடிக்கணினியைத் திறந்தார். தூறலில் உள்ளங்கை எழுத்து பாதி அழிந்திருந்தது. நினைவிலிருந்து மீதியை அடித்தார்.

முகப்பு வந்தது. பளிச்சென்று, வேப்பமரப் படத்தோடு.

“வந்துருச்சு,” என்றார். “எப்படி வந்துச்சு?”

“ஒரு பேருக்கு ஒரு இடம்தான் குடுக்கும். நீங்க இங்க உக்காந்திருந்தீங்க. தூரத்துல இருந்து வர்ற உங்களுக்கு எங்க இருந்து இடம் குடுக்கும்?”

சீனிச்சாமி மழைமானியின் ஜன்னலைத் திறந்தார். நின்றுபோயிருக்கும் என்று பயந்துகொண்டேதான் திறந்தார். வரிசை விடாமல் ஓடியிருந்தது. தூறல் கணக்கில் இருந்தது. கடைசி வரி: இரண்டு ஐம்பத்து நான்கு, ஏழு மில்லிமீட்டர்.

மடிக்கணினியைக் கீழே வைத்தார். எழுந்து போய் அறையின் ஜன்னல் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். நாற்காலி காலியாக இருந்தது. திரை பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பி வந்து ஏழு மில்லிமீட்டரைப் பார்த்தார். மறுபடி போய் நாற்காலியைப் பார்த்தார்.

“டீச்சர்.”

“ம்.”

“அப்ப இந்த நாலு வருசமா…”

“டம்ளர் தண்ணின்னு பக்கத்துல குறிப்பு எழுதிருங்க,” என்றார் ரஹ்மத். “அறுபதைத் தாண்டுனா போன் போட வேண்டியது நீங்கதான். அதை அது செய்யாது.”

சீனிச்சாமி எழுதினார். ஒரு விரலால் தேடித் தேடி அடித்ததில் இரண்டு நிமிடம் ஆனது. மடிக்கணினியைப் பையில் வைத்துத் தோளில் மாட்டினார். சாவிக்காகக் கையை நீட்டினார்.

ரஹ்மத் கொடுக்கவில்லை.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டு சீனிச்சாமி இறக்கத்தில் நடந்தார். முதல் வளைவு வரைக்கும் மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். அப்புறம் ஓடினார்.

நாலே காலுக்குப் பொன்னுத்தாயின் போன் வந்தது.

“அங்க மழையாமே. டீவியில சொன்னாக.”

“ஆமா. பேயுது.”

“சரி விடுங்க. என் தங்கச்சி கூட இருக்கா. நீங்க கம்ப்யூட்டரு முன்னாடிதான உக்காந்திருக்கீக?”

“இல்ல,” என்றார் சீனிச்சாமி. “பஸ்ஸுல உக்காந்திருக்கேன்.”