சுண்டெலி சொன்ன பாம்பு வைத்தியம்

கரட்டுக் காட்டில் ஒரு குரங்கு மலைப்பாம்புக் குட்டி ஒன்றை வளர்த்து வந்தது. அதற்குப் பட்டு என்று பெயரும் வைத்திருந்தது. பட்டுவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு குரங்கு நடந்தால் நரி ஒதுங்கும், காட்டுப்பன்றி வழிவிடும். அந்த மரியாதைக்காகவே காலையும் மாலையும் அதைத் தூக்கிக்கொண்டு காடெல்லாம் சுற்றியது.

ஒரு நாள் பட்டு தீனியை நிறுத்திவிட்டது. தவளை வைத்தால் திரும்பிக்கொண்டது. காடைக்குஞ்சு வைத்தால் தலையைச் சுருளுக்குள் ஒளித்துக்கொண்டது. இப்படியே ஒரு மாதம் ஓடியது. குரங்கு பயந்துபோய், பாறையடியில் மேய்ந்துகொண்டிருந்த சுண்டெலிக் குஞ்சு ஒன்றைப் பிடித்துவந்து, செத்த ஆமையின் ஓட்டைக் கவிழ்த்து அதற்குள் அடைத்தது. எலியைக் கண்டால் தின்னாத பாம்பும் உண்டா என்பது அதன் நினைப்பு.

தாய்ச் சுண்டெலி ஓடிவந்தது. அதற்கு இருந்தது அந்த ஒரே குஞ்சு. அழுதது, காலில் விழுந்தது. குரங்கு அசையவில்லை. அப்போதுதான் சுண்டெலி பாம்பை உற்றுப் பார்த்தது. பாம்புகள் குடியிருக்கும் பாறையிலேயே பிறந்து வளர்ந்த எலி அது. பாம்பு எப்போது தின்னும், எப்போது தின்னாது என்று தெரியாத எலி அங்கே ஒரு நாள் பிழைக்க முடியாது.

"அண்ணே, இதற்கு நோய் ஒன்றுமில்லை," என்றது சுண்டெலி. "சதா தூக்கிச் சுற்றியதில் மிரண்டு கிடக்கிறது. கண்ணும் பால் பூத்திருக்கிறது, தோல் உரிக்கும் நேரம். இந்த நேரத்திலும் நீங்கள் ஊர்வலம் விட்டால் எதைத் தின்னும்? என் குஞ்சைப் போட்டாலும் தொடாது. நான் தின்ன வைக்கிறேன். குஞ்சை விட்டுவிடுவதாக வாக்குக் கொடுங்கள்."

"கொடுத்தேன்," என்றது குரங்கு.

வெயில் சூடு தங்கும் பாறையிடுக்கு ஒன்றைச் சுண்டெலி காட்டியது. உள்ளே சருகு பரப்பச் சொன்னது. இலையில் கொஞ்சம் தண்ணீர் வைத்துவிட்டு, எட்டு நாள் யாரும் தொடக்கூடாது, எட்டியும் பார்க்கக்கூடாது என்றது. குரங்குக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. வெறுங்கழுத்தோடு போனால் அணில்கூட மதிக்காதே என்று புலம்பியது. ஆனாலும் பொறுத்தது.

ஒன்பதாம் நாள் பட்டு தோலை உரித்துப் போட்டுவிட்டுப் பளபளவென்று வெளியே வந்தது. நாக்கை நீட்டி நீட்டிக் காற்றைத் துழாவியது. நல்ல பசி.

"உன் வைத்தியம் பலித்துவிட்டது தங்கச்சி," என்றது குரங்கு. "நானும் வாக்கு மாறமாட்டேன். உன் குஞ்சைக் கூட்டிக்கொண்டு போ. ஆனால் இதற்கு இப்போது பசிக்கிறதே, எதைக் கொடுப்பது? அதையும் நீயே சொல்லிவிடு."

பக்கத்து வளையில் ஒரு வெள்ளெலி ஐந்து குஞ்சுகளோடு குடியிருந்தது. இந்த எட்டு நாளும் தினை கொண்டுவந்து, ஓட்டின் இடுக்கு வழியாகச் சுண்டெலிக் குஞ்சுக்கு ஊட்டிவிட்டது அதுதான். அழாதே, பிள்ளை வந்துவிடும் என்று தேற்றியதும் அதுதான்.

சுண்டெலி அந்த வளையின் பக்கம் முகத்தைத் திருப்பியது. அவ்வளவுதான். குரங்குக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் வெள்ளெலி புதர் புதராகத் தேடிக்கொண்டு வந்தது. "என் மூத்ததை எங்கேயாவது பார்த்தாயா தங்கச்சி?"

"வல்லூறு ஒன்று வந்த மாதிரி இருந்தது அக்கா," என்றது சுண்டெலி, தன் குஞ்சை வயிற்றடியில் இழுத்துக்கொண்டே.

அதன்பிறகு பத்து நாளைக்கு ஒரு முறை குரங்கு வந்து நின்றது. வரும்போதெல்லாம் சுண்டெலி ஒரு வளையைக் காட்டியது. முதல் இரண்டு முறை கண்ணை மூடிக்கொண்டு காட்டியது. பிறகு அதுவும் பழகிவிட்டது. ஐந்து குஞ்சும் போயின. வெள்ளெலியும் போனது. மழைக்காலம் பிறப்பதற்குள் பாறையடியில் இருந்த மற்ற வளைகளும் காலியாயின. பட்டு குரங்கின் தொடை அளவுக்குப் பருத்துவிட்டது.

அடுத்த முறை வந்தபோது குரங்கு எதுவும் கேட்கவில்லை. நேராகச் சுண்டெலியின் வளைக்குள் கையை விட்டது.

"வாக்குக் கொடுத்தீர்களே அண்ணே," என்று கதறியது சுண்டெலி.

"அது அந்தப் பசிக்குக் கொடுத்த வாக்கு தங்கச்சி," என்றது குரங்கு. "இது வேறு பசி."

அடுத்தவர் பிள்ளையைக் காட்டிக்கொடுத்து வாங்கிய உயிர், தன் முறை வரும்வரைக்கும்தான்.